இரண்டு கம்பளியும் ஒரு நிறம் வராத டேப்பும்

"படம் வருது, கலர் வரல."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே பாதி ஆயுளை ஓட்டியவள் அவள். பதினொரு வருடம் கேபிள் டிவி அலுவலகத்தில் புகார் எடுக்கிற வேலை. காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் காது சிவந்துபோய்த்தான் கழற்றுவாள். எதிர்முனையில் இருப்பவர் கத்துவார், அழுவார், "பணம் வாங்கத் தெரியுதில்ல?" என்று கேட்பார். இவள் அசரவே மாட்டாள். "சரிங்க. டிவிக்குப் பின்னாடி போய் நில்லுங்க. மஞ்சள் ஒயர் எந்த ஓட்டையில இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்பாள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு ஆள் அனுப்புவாள்.

அந்த அலுவலகம் மூடிய பிறகு சும்மா இருக்கக் கை வரவில்லை. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குக் கீழே, கார் நிறுத்துகிற இடத்தை வாடகைக்குப் பிடித்தாள். பழைய வீடியோ டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது தொழில். போர்டில் என்னவோ பெரிய பெயரெல்லாம் எழுதித்தான் வைத்தாள். யார் படித்தார்கள்? எல்லோருக்கும் அவள் டேப்பக்காதான். எழுபது வயதுப் பெரியவர்கூட "டேப்பக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்.

கடையில் டேப் ஓட்டுகிற டெக்குகள் மூன்று. டேப்பை அவ்வப்போது மென்று தின்கிற ஒன்றுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். கைக்கு அடக்கமானது சின்னவன். எந்த நாட்டு டேப்பைக் கொடுத்தாலும் மறுபேச்சுப் பேசாமல் ஓட்டுகிற மூன்றாவதுதான் மகராசன். அவள் வாயிலிருந்து வருகிற திட்டெல்லாம் இந்த மூன்றுக்கும்தான். மனிதர்களை ஒரு சொல் சொல்ல மாட்டாள். ஒருநாள் மேலே இருக்கிற டாக்டரே தன் பட்டமளிப்பு விழா டேப்பும் டெக்குமாக இறங்கி வந்தார். வீட்டில் போட்டால் கலரே வரவில்லையாம், டேப் செத்துவிட்டதாம். இவள் பார்த்தாள். மஞ்சள் ஒயரைக் கொண்டுபோய்ப் பச்சை ஓட்டையில் சொருகியிருந்தார் மனுஷன்.

"டாக்டர், பல்லுலயும் இப்படித்தான் ஓட்டை மாத்தி அடைப்பீங்களா?" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் மேலே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

தொழிலில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. டேப் ஓட ஆரம்பித்ததும் முதல் இரண்டு நிமிடம் பார்ப்பாள், கலர் சரியா, சத்தம் சரியா என்று. பிறகு சத்தத்தைக் குறைத்து, மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். அடுத்த வீட்டுக் கதை நமக்கெதற்கு என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் ஒரு டேப்பை மட்டும் தொடாமலே இருந்தாள். அது அவள் அப்பாவின் டேப், முப்பது வருடத்துப் பழசு. ஊரார் டேப்பையெல்லாம் ஓட்டுகிறவள் சொந்த வீட்டு டேப்பை ஏன் விட்டுவைத்தாள் என்றால், பயம். வேறென்ன?

ஒரு திங்கட்கிழமை அம்மாவே அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

"உங்க அத்தை சனிக்கிழமை கிளம்புறாளாம். மகன்கூடவே போயிடப் போறாளாம், இனி இந்தப் பக்கம் வரமாட்டாளாம். மருந்துக் கடையில சொன்னாங்க" என்றாள், உட்காராமலே.

"அதுக்கு?"

"அதுக்கா? இதுல கலரை வரவை. அவ போறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்."

என்ன தெரிய வேண்டும் என்று மகள் கேட்கவில்லை. அந்தக் கம்பளி விவகாரம் தெரியாதவர் அவர்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

அப்பா கடல் தாண்டி வேலைக்குப் போயிருந்தார். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது அவரிடம் ஒரு பார்சல் கொடுத்து அனுப்பினார். உள்ளே ஒரே அளவில், பூவேலை எதுவும் இல்லாத இரண்டு கம்பளிப் போர்வைகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. கூடவே ஒரு வீடியோ டேப். எது யாருக்கு என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாம். மனிதர் எழுதவில்லை. அதுதான் டேப்பில் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லிவிட்டாரே! "இங்க பாரும்மா, இது உனக்கு. இது தங்கச்சிக்கு." அவ்வளவுதான். வீட்டில் கலர் டிவி இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார்.

அவர் நினைத்தது தப்பில்லை, டிவி கலர்தான். ஆனால் அந்த நாட்டு டேப்பில் கலரைப் பதிகிற முறை வேறு, இங்கே இருந்த டிவியின் முறை வேறு. கேசட் கடைக்காரர் ஒரு டெக்கைத் தூக்கிவந்து போட்டுக் காட்டினார். குரல் கணீரென்று வந்தது, முகம் வந்தது, கலர் மட்டும் வரவில்லை. சாம்பல் நிற அப்பா ஒரு சாம்பல் கம்பளியைக் காட்டி உனக்கு என்றார், இன்னொரு சாம்பல் கம்பளியைக் காட்டித் தங்கச்சிக்கு என்றார்.

பார்சலை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவும் அத்தையும் விழித்தார்கள். அப்போது டேப்பக்காவுக்குப் பன்னிரண்டு வயது. டிவிக்கு முன்னால் மூக்கு ஒட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தவள் அவள்தான். "முதல்ல காட்டினது கொஞ்சம் கறுப்பா தெரியுது. அப்போ அதுதான் சிவப்பு" என்று பெரிய மனுஷி மாதிரித் தீர்ப்புச் சொன்னாள். அம்மா சிவப்பை எடுத்துக்கொண்டாள். அத்தை பச்சையை மடித்து வைத்துக்கொண்டே, "சிவப்பு வேணும்னு அண்ணனுக்கு நான்தான் கடுதாசி போட்டேன்" என்று முணுமுணுத்தாள். அந்த அளவில் போயிருக்க வேண்டிய விஷயம் அது.

ஆறாவது மாதம் அப்பா இறந்துபோன தகவல் வந்தது. வேலை செய்த இடத்திலேயே மார்வலியாம். அதற்குப் பிறகு அந்தக் கம்பளி வெறும் கம்பளியாக இருக்கவில்லை. அவர் கடைசியாக வாங்கியது, கடைசியாகக் கையால் தொட்டு அனுப்பியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இருக்கும்போதே அத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "எனக்குன்னு எங்கண்ணன் எடுத்ததைக்கூட இவங்க விட்டு வைக்கல." அம்மாவும் சும்மா இருக்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அன்றைக்கு நின்ற பேச்சு. இரண்டு பஸ் நிறுத்த தூரத்தில் வீடு. வழியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள்.

இந்த முப்பது வருடத்தில் ஆயிரம் டேப்பாவது பார்த்திருப்பாள் டேப்பக்கா. கறுப்பு வெள்ளைப் படத்தில் எது கறுப்பாகத் தெரியும், எது வெளுப்பாகத் தெரியும் என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அழுத்தமான பச்சை, பளிச்சென்ற சிவப்பைவிடக் கறுப்பாகத் தெரியும். இது தெரிந்த நாளிலிருந்துதான் அந்தப் பயம். பன்னிரண்டு வயதில் தான் சொன்ன தீர்ப்பு தப்பு என்று நிரூபணமாகிவிட்டால்? அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

இருந்தாலும் அம்மா கேட்டுவிட்டாளே. டேப்பை மகராசனுக்குள் தள்ளினாள்.

சாம்பல். ஒயரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி சொருகினாள். சாம்பல். வேறொரு கல்யாண டேப்பைப் போட்டாள், மாலையும் பட்டும் கண்ணைப் பறித்தன. ஆக, ஒயரிலும் டெக்கிலும் குற்றமில்லை. அப்பாவின் டேப்பைத் திரும்பப் போட்டு, கம்ப்யூட்டரில் அந்த நாட்டு முறைக்கு மாற்றினாள். சாம்பல். நம் முறை. சாம்பல். உலகத்தில் உள்ள முறையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டாள். மகராசனுக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. சிடுமூஞ்சிக்குக் கொடுக்க மனசு வரவில்லை, தின்றுவிட்டால்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கணவர் கொண்டுவந்து கொடுத்த சாப்பாட்டைத் தின்றுகொண்டே திரையைப் பார்த்தாள். இடது மூலையில் 'PLAY' என்ற எழுத்து நின்றது. இது எதற்குக் கண்ணை உறுத்துகிறது என்று மகராசன் திரையில் காட்டுகிற எழுத்தை அணைத்தாள். எழுத்து போகவில்லை. இன்னொரு தடவை அணைத்துப் பார்த்தாள். அப்படியே நின்றது.

சாப்பாட்டுக் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்த எழுத்து மகராசன் போடுவதில்லை, டேப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது. வேறொரு டெக் இந்தப் படத்தை ஓட்ட, இன்னொன்று அதைப் பதிந்திருக்கிறது. அட, இது அப்பா அனுப்பிய டேப்பே இல்லை! கேசட் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நகல். அன்றைக்கு ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளட்டும் என்று இன்னொன்று போட்டுத் தந்தாரே, அது. அவர் டெக்கில் வராத கலர் நகலில் எப்படிப் பதியும்? இதில் கலர் என்றைக்கும் இருந்ததில்லை. உலகத்து மெக்கானிக் எல்லாம் கூடி வந்தாலும் இல்லாததை வரவைக்க முடியாது.

அப்படியானால் அசல்?

"அவகிட்டதான்" என்றாள் அம்மா, சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும். "கடையிலிருந்து ரெண்டையும் வாங்கிட்டு வந்ததே அவதான். எது அசல் எது நகல்னு யாரு பார்த்தா?" கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "அவ வாசல்ல போய் நான் நிக்க மாட்டேன்" என்றாள்.

"உன்னை யாரு நிக்கச் சொன்னா? நான் போறேன்."

"அவ முகத்துல அடிச்ச மாதிரி ஏதாவது சொன்னா?"

"பதினொரு வருஷம் ஊர்த் திட்டு வாங்கின காதும்மா இது. அத்தை திட்டு ஒண்ணு கூடினா என்ன!"

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. புதன்கிழமை அத்தை வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கியது நிஜம்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அத்தை வெளுத்து, மெலிந்து, கையில் ஒட்டுகிற டேப்புடன் நின்றாள். அப்பாவின் மூக்கு அப்படியே அவள் முகத்தில் இருந்தது. இவளைப் பார்த்ததும் டேப்பைக் கீழே வைத்தாள்.

"உள்ள வா, கண்ணு. பெட்டியைத் தள்ளிட்டு உட்காரு."

திட்டு இல்லை, குத்தல் இல்லை. இதற்கு அவள் தயாராக வரவில்லை. வந்த விஷயத்தை அவசர அவசரமாகச் சொன்னாள்: அம்மாவிடம் இருப்பது நகல், அசலில் கலர் இருக்கும், அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள்.

"அண்ணியே கேட்டாங்களா?"

"அம்மாதான் கேட்டா."

அத்தை ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். டேப் அதில்தான் இருந்தது. கையில் எடுத்தாளே தவிரக் கொடுக்கவில்லை. "நானே எடுத்துட்டு வரேன். வெள்ளிக்கிழமை காலையில. அண்ணியையும் இருக்கச் சொல்லு" என்றாள்.

வியாழக்கிழமை எப்படிப் போனது என்று டேப்பக்காவுக்கே தெரியாது. யாரோ ஒருவர் டேப்பை இன்னொருவர் கவரில் போட்டுவைத்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மா சீக்கிரமே வந்து மூலை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அந்தத் துணிப்பை, உள்ளே சிவப்புக் கம்பளி. அத்தை வந்தாள். "வா" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "வரேன் அண்ணி" என்றாள் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு. முப்பது வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். மேலே டாக்டர் யார் பல்லையோ குடைந்துகொண்டிருந்தார்.

அசலைப் போட்டாள். மூலையில் எழுத்து இல்லை, படம் கூர்மையாக வந்தது. ஆனால் சாம்பல்! அம்மா பெருமூச்சு விட்டாள். "இரும்மா, பதறாதே. கம்ப்யூட்டர் இன்னும் நம்ம முறையிலேயே நிக்குது" என்று கம்ப்யூட்டரில் முறையை மாற்றினாள் மகள். படம் ஒரு குதி குதித்தது, மொத்தமும் ரோஸாக வழிந்தது, பிறகு நின்றது.

அப்பாவுக்கு நிறம் வந்தது. மாநிறம், நீலச் சட்டை, பின்னால் மஞ்சள் சுவர். சாம்பலாகவே நினைவில் தங்கிப்போன மனிதர் திடீரென்று உயிரோடு இருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற எண்ணமே மகளுக்கு வரவில்லை.

"இங்க பாரும்மா, இது உனக்கு. கடை கடையா ஏறி எடுத்தேன்" என்று அவர் தூக்கிக் காட்டியது பச்சை. அழுத்தமான, நல்ல பச்சை. "இது தங்கச்சிக்கு. கடுதாசி போட்டு உயிரை வாங்கிட்டா" என்று சிரித்துக்கொண்டே காட்டியது சிவப்பு.

 அப்பா சாப்பாட்டைப் பற்றியும் அறை நண்பர்களைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார். டேப் முடிகிற வரை மூவரும் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தவள் அம்மா. துணிப்பையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள். "இந்தா. உன்னுது. முப்பது வருஷம் உன் பொருளைப் போர்த்திட்டுத் தூங்கியிருக்கேன். நீ என்ன வேணா சொல்லு, கேட்டுக்கிறேன்."

அத்தை பையைத் தொடவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணி" என்றாள்.

"என்னது?"

"பையன் எந்த நாட்டு டேப்பும் ஓடுற புது டிவியும் டெக்கும் வாங்கினான். பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும். இந்த டேப்பைப் போட்டான், கலரா வந்துச்சு. பார்த்துட்டேன்."

"பார்த்துட்டு? வந்து கேட்கிறதுக்கு என்னடி? டேப்பைக் கொண்டுவந்து என் மூஞ்சியில எறிஞ்சிருக்கலாமே!"

"அப்படித்தான் கிளம்பினேன். உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன்." அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் நினைப்பு வந்துச்சு. அந்தப் பச்சையை நான் எப்பவோ கொடுத்துட்டேன் அண்ணி. துக்க வீட்டுல சண்டை போட்டு வந்த அன்னைக்கே, கோபத்துல, எதிர்க் கட்டடத்து வாட்ச்மேனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன். உங்களுக்குன்னு அண்ணன் கடை கடையா ஏறி எடுத்தது. அதைத் தொலைச்சுட்டு எந்த முகத்தோட வந்து என்னுதைக் கேட்கிறது?"

 அம்மாவுக்குக் கோபம் வந்தது, அது முகத்தில் ஏறியதும் தெரிந்தது. "வாட்ச்மேனுக்கா?" என்றாள். பிறகு அந்தக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் கண்ணில் வழிந்தது. அத்தையும் அழுதாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேற்றவில்லை, தனித்தனியாகத்தான் அழுதார்கள்.

மகளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "என்னாலதான்மா எல்லாம். கறுப்பா தெரியறதுதான் சிவப்புன்னு நான்தான் சொன்னேன். தெரியாம உளறிட்டேன். நீ அதை நம்பித்தானே எடுத்தே."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீ சொன்னதுக்காக எடுக்கலடி" என்றாள். "பார்சலைப் பிரிச்சப்பவே என் கண்ணு சிவப்பு மேலதான் இருந்துச்சு. நீ சொன்னது எனக்கு வசதியா போச்சு."

இதைச் சொல்லிவிட்டு அத்தையைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். அத்தை மெதுவாகப் பையைப் பிரித்து, சிவப்புக் கம்பளியை வெளியே எடுத்தாள். நடுவில் தேய்ந்து நூல் தெரிந்தது. ஓரத்தில் அம்மா வேறு நூலால் தைத்திருந்தாள். அதையே தடவிக்கொண்டிருந்தாள் அத்தை. வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

அம்மா நாற்காலியை மானிட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்த இடத்தை இன்னொரு தடவை போடு. என்னுதைக் காட்டுற இடம்."

போட்டாள். அப்பா பச்சையைத் தூக்கிக் காட்டினார்.

"அங்கேயே நிறுத்த முடியுமா? டேப்பு அறுந்துடாதே?"

"டேப் இல்லம்மா இது. கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கும்."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அத்தையும் எழுந்து வந்து பின்னால் நின்றாள். அந்தப் பச்சைக் கம்பளியை அம்மா கையில் பிடித்ததெல்லாம் பார்சலைப் பிரித்த அந்தப் பத்து நிமிடம்தான்.

"மெத்துனு இருந்துச்சா, சொரசொரன்னு இருந்துச்சா?" என்று கேட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மெத்துனுதான் இருந்துச்சு, அண்ணி" என்றாள் அத்தை.